நெஞ்சு படபடவென அடிக்கிறதா? இதயத்துடிப்பைக் குறைக்க என்ன செய்யலாம், எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

இப்படி வைத்துக்கொள்வோம். ஈப்போ, சிலிபின். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்த 24 வயதுப் பெண், குளித்துவிட்டுத் துணி எடுக்கக் குனிகிறார். அந்த நொடியில், சுவிட்சைத் தட்டியது போல நெஞ்சு தடதடவென ஓட ஆரம்பிக்கிறது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச் 186 என்று காட்டுகிறது.

"ஒன்னும் இல்லமா, கேஸ்தான். சுடுதண்ணி குடி" என்கிறார் பாட்டி. "ராத்திரி எனர்ஜி டிரிங்க் குடிச்சல்ல, அதான்" என்கிறார் அண்ணன். "வேலை டென்ஷன். கொஞ்ச நேரம் படு" என்கிறார் அம்மா. இருபது நிமிடத்தில், ஆரம்பித்த மாதிரியே சட்டென்று நின்றுவிடுகிறது. மறுநாள் கிளினிக்கில் இசிஜி எடுத்துப் பார்த்தால் எல்லாம் நார்மல்.

பல வீடுகளில் கதை அதோடு முடிந்துவிடும். ஆனால் இந்தக் காட்சியில் ஒரு முக்கியமான துப்பு இருக்கிறது: 'சட்டென்று'. இதயம் எவ்வளவு வேகமாக அடித்தது என்பதைவிட, அந்த வேகம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதுதான் பல நேரங்களில் காரணத்தைச் சொல்லும். காரணம் தெரிந்தால்தான் அதைக் குறைக்கும் வழியும் தெரியும். காய்ச்சலால் ஓடும் இதயத்துக்கும், மின்கோளாறால் ஓடும் இதயத்துக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

முதலில் எண்ணுங்கள்

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து டிரெசர் ஒரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கைக்கடிகாரத்தின் மீது வைத்து நிற்பது பலருக்கு நினைவிருக்கும். அந்த முறை இன்றும் பழசாகவில்லை. ஸ்மார்ட்வாட்ச் தோலுக்கு மேலிருந்து ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. வார் தளர்ந்தாலோ கை ஆடினாலோ தவறாகக் காட்டும். விரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது.

உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலின் அடிப்பக்கம் உள்ள மணிக்கட்டுப் பள்ளத்தில் இரண்டு விரல்களை வையுங்கள். கட்டைவிரலால் தொடாதீர்கள், அதற்கே சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு சீராக இல்லை என்று தோன்றினால் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை சாதாரணம். நன்றாக ஓடிப் பழகியவர்களுக்கு 40, 50 கூட இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு வழக்கத்தைவிட 10 முதல் 20 வரை கூடும். மூன்று மாடி ஏறிவிட்டு 130 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி எண்ணுங்கள்.

எண்ணும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: சீராக ஓடுகிறதா, தாறுமாறாக ஓடுகிறதா? மெல்ல மெல்ல ஏறியதா, ஒரே நொடியில் எகிறியதா? மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்விகள் இவைதான்.

எதற்குப் பதில் சொல்கிறது உங்கள் இதயம்?

பெரும்பாலான நேரங்களில் வேகமான துடிப்பு நோய் அல்ல. உடலில் நடக்கும் வேறு ஏதோ ஒன்றுக்கு இதயம் சொல்லும் பதில். இதில் துடிப்பு படிப்படியாக ஏறும், காரணம் தீர்ந்தால் படிப்படியாக இறங்கும்.

தண்ணீர் குறைவு இதில் முதல் சந்தேக நபர். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து, வெயிலில் கல்லுமலை கோயில்வரை நடந்தவர்களுக்குத் தெரியும். உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. இருக்கிற ரத்தத்தையே வேகமாகச் சுற்றவிட்டு இதயம் சமாளிக்கிறது. இதற்கு மூச்சுப் பயிற்சி எதுவும் வேண்டாம். நிழல், தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ், கொஞ்ச நேரம் காலை உயர்த்திப் படுப்பது. அவ்வளவே.

அடுத்தது நாம் குடிப்பவை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 250 மில்லிலிட்டர் எனர்ஜி டிரிங்க் ஒன்றில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கும். ஒரு கேன் பெரிய விஷயமே இல்லை. ஆனால் ஷிப்டில் இரண்டு கேன், விடியற்காலையில் மாமாக் கடையில் கோப்பி ஓ, இடையில் வேப், தூக்கம் நான்கு மணி நேரம் என்று சேர்ந்தால் இதயம் என்ன செய்யும்? நிக்கோட்டின் தன் பங்குக்குத் துடிப்பை ஏற்றும். மூக்கடைப்புக்கு வாங்கும் சில சளி மாத்திரைகளும், ஆஸ்துமாவுக்கான நீல நிறப் பம்பும்கூட ஏற்றும். பம்பை அதற்காக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் போதும்.

ரத்தசோகையை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பத்தில் மூவருக்கு ரத்தசோகை இருந்தது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடிக்கிறது, எப்போதும் அசதி என்றால் 'ஸ்டாமினா இல்ல' என்று முடிவு கட்டுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யலாம். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது, கை நடுங்குகிறது, வெக்கை தாங்கவில்லை என்றால் அதே ரத்தத்தில் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நீரிழிவு உள்ளவருக்குத் திடீரெனப் படபடப்பும் வியர்வையும் நடுக்கமும் வந்தால் முதலில் விரலைக் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். 4-க்குக் கீழே இருந்தால், மயக்கம் இல்லாமல் விழுங்க முடிகிறவருக்கு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் வியர்வை நிற்கவில்லையா? நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. 999-ஐ அழையுங்கள்.

டிங்கி: காய்ச்சல் விட்ட பிறகு துடிப்பு ஏறினால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ச்சலில் உடல் வெப்பம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் கூடும்போதும் துடிப்பும் ஏறக்குறைய பத்து கூடும். அது இயல்பு, காய்ச்சல் இறங்கினால் அதுவும் இறங்க வேண்டும்.

டிங்கியில் இந்தக் கணக்கு மாறலாம். மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் விடும். வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று பெருமூச்சு விடும் அந்த நேரம்தான் ஆபத்தான கட்டம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கலாம். காய்ச்சல் இல்லை, ஆனால் துடிப்பு வேகமாக இருக்கிறது, கைகால் சில்லிட்டுப் போகிறது, வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்கவே முடியாத சோர்வு... இதில் எது வந்தாலும் துடிப்பைக் குறைக்கும் வழியைத் தேடாதீர்கள். உடனே மருத்துவமனை. இந்த நேரத்தில் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த வேகமான துடிப்புதான்.

மூச்சு மெதுவானால் இதயம் மெதுவாகுமா?

ஆகும். விரலை நாடியில் வைத்து ஆழமாக மூச்சை இழுங்கள். துடிப்பு லேசாக வேகமாகும். மெதுவாக வெளியே விடுங்கள், தளரும். இளம் வயதினருக்கு இது விரலிலேயே தெரியும்.

காரணம் வேகஸ் நரம்பு. லத்தீனில் அந்தப் பெயருக்கு 'அலைந்து திரிவது' என்று பொருள். மூளையின் அடித்தண்டில் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று ஊர் சுற்றும் நரம்பு அது. இதயத்தின் இயற்கையான துடிப்புக் கருவியைச் சும்மா விட்டால் நிமிடத்துக்கு 100 முறை அளவில் அடிக்கும். வேகஸ் பிரேக் போட்டுப் பிடித்திருப்பதால்தான் நமக்கு 70, 75 என்று இருக்கிறது. மூச்சை விடும்போது அந்தப் பிரேக் கொஞ்சம் இறுகுகிறது.

அதனால் பதற்றத்தால் வரும் படபடப்புக்கு எளிய வழி: மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் செய்யுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். எஸ்பிஎம் தேர்வு மண்டபத்துக்கு வெளியிலும், வேலை நேர்காணலுக்கு முன்பும் இது உதவும். தாளைப் பைபோல் மடித்து அதற்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனை வேண்டாம். ஆஸ்துமாவோ இதயப் பிரச்சினையோ உள்ளவருக்கு அது ஆபத்து.

சட்டென வந்து சட்டெனப் போகும் வகை

இப்போது அந்தச் சிலிபின் பெண்ணுக்குத் திரும்பலாம். ஓய்வில் இருக்கும்போது ஒரே நொடியில் 150-க்கு மேல் எகிறி, கடிகாரம் போலச் சீராக ஓடி, ஒரே நொடியில் நின்றால், மருத்துவர்கள் சந்தேகிப்பது எஸ்விடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்றை. இதயத்துக்குள் பிறவியிலேயே ஒரு கூடுதல் மின்பாதை சிலருக்கு இருக்கும். துடிப்புக்கான மின்சாரம் எப்போதாவது அதற்குள் மாட்டிக்கொண்டு, ரவுண்டபவுட்டில் வெளியேற வழி தெரியாத மொத்தோர் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. இளைஞர்களுக்கும் வரும், குனிவது போன்ற சின்ன அசைவில்கூடத் தொடங்கலாம். பெரும்பாலானோருக்கு உயிராபத்து இல்லை, ஆனால் அந்த இருபது நிமிடம் மிகவும் பயமுறுத்தும்.

இதில் ஒரு வருத்தமான உண்மை இருக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, எஸ்விடி உறுதியான 107 பேரின் பழைய கதையைத் திரும்பிப் பார்த்தது. முதல் மருத்துவப் பரிசோதனையில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் பிடிபடவே இல்லை. பிடிபடாதவர்களில் பலருக்கு மருத்துவர்கள் சொன்ன காரணம் பதற்றம், பயம், மன அழுத்தம். அப்படிச் சொல்லப்பட்டது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். 'உனக்கு எல்லாத்துக்கும் டென்ஷன்' என்பதை வீட்டில் மட்டுமல்ல, கிளினிக்கிலும் கேட்டவர்கள் நிறையப் பேர்.

ஏன் பிடிபடுவதில்லை? நின்ற பிறகு எடுக்கும் இசிஜி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே இசிஜி எடுக்க வேண்டும். படபடப்பு நிற்கவில்லை என்றால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று படுக்காமல் அப்போதே அருகிலுள்ள கிளினிக்கின் கதவைத் தட்டுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். உங்கள் ஸ்மார்ட்வாட்ச் இசிஜி எடுக்கும் வகை என்றால் அந்த நேரத்தில் எடுத்துச் சேமித்து வையுங்கள். அதுவும் இல்லையா, துடிப்பை எண்ணி, தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊதி நிறுத்தும் முறை

எஸ்விடிக்கு மருத்துவமனையில் பெரும்பாலும் முதலில் செய்வது ஊசி போடுவது அல்ல. ஊதச் சொல்வது.

முறையின் பெயர் வேல்சால்வா. அந்தோனியோ மரியா வேல்சால்வா (1666-1723) என்ற இத்தாலிய உடற்கூறியல் அறிஞர், காதுக்குள் உள்ள சீழை வெளியேற்றுவதற்காக விவரித்த முறை இது. இதயத்துக்கு இது உதவும் என்பது பின்னால் தெரிந்தது. வாயை அடைத்தபடி முக்கி ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும். ஊதுவதை விட்டதும் ரத்தம் பாய்ந்து வர, ரத்த அழுத்தம் திடீரென எழும்பும். உடனே வேகஸ் முழு பலத்தோடு பிரேக் போடும். அந்தச் சின்ன இடைவெளியில் சுற்றிக்கொண்டிருந்த மின்சாரம் அறுந்தால், இதயம் பழைய தாளத்துக்குத் திரும்பும்.

பழைய முறையில் வெற்றி குறைவாக இருந்தது. 2015-ல் 'தி லான்செட்' இதழில் வந்த ரிவெர்ட் என்ற ஆய்வு ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் 428 பேர் பங்கெடுத்தார்கள். எல்லோரும் 15 விநாடி ஊதினார்கள். பாதிப் பேர் சும்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேரை ஊதி முடித்ததும் சட்டெனத் தட்டையாகப் படுக்கவைத்து, இரண்டு காலையும் 45 டிகிரிக்கு 15 விநாடி தூக்கிப் பிடித்தார்கள். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 17 விழுக்காட்டினருக்கும், கால் தூக்கிய குழுவில் 43 விழுக்காட்டினருக்கும் துடிப்பு சரியாகியிருந்தது. செலவு? எதுவும் இல்லை.

எவ்வளவு பலமாக ஊத வேண்டும் என்பதற்கு ஓர் எளிய அளவு உண்டு: 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாயை வைத்து, உள்ளிருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு ஊத வேண்டும்.

யூடியூப் பார்த்து இதை முதல் தடவை நீங்களே செய்து பார்க்க வேண்டாம். எஸ்விடி என்று உறுதியாகி, மருத்துவர் செய்துகாட்டி, 'வீட்டில் செய்யலாம்' என்று சொன்ன பிறகுதான். செய்யும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், காலைத் தூக்கவும் அவர் வேண்டும். மாரடைப்பு வந்தவர்கள், இதய வால்வு சுருங்கியவர்கள், கண் விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் முக்கவே கூடாது. காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றால் வரும் வேகத்துக்கு இது பயனில்லை. அங்கே சுற்றும் மின்சாரமே இல்லை, அறுப்பதற்கு.

ஊதியும் நிற்காவிட்டால் மருத்துவமனையில் அடெனோசின் என்ற மருந்தை நரம்பில் வேகமாகச் செலுத்துவார்கள். சில விநாடிகளுக்கு நெஞ்சை யாரோ அமுக்குவது போல, உயிரே போவது போல இருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் குறையும். அந்த உணர்வும் அதே வேகத்தில் போய்விடும். அடிக்கடி வருபவர்களுக்கு நிரந்தரத் தீர்வும் இருக்கிறது. தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை செலுத்தி, அந்தக் கூடுதல் பாதையைச் சுட்டு மூடும் அப்லேஷன் சிகிச்சை. பெரும்பாலான எஸ்விடி வகைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பலன் கிடைக்கிறது. கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் தேசிய இருதயக் கழகம் இத்தகைய சிகிச்சை தரும் இடங்களில் ஒன்று.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

கழுத்து நரம்பைத் தேய்ப்பது. மருத்துவர்கள் சில நேரம் செய்வார்கள், உண்மைதான். ஆனால் வயதானவர்களின் கழுத்து ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்திருக்கலாம். தேய்க்கும்போது அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். கண்ணை மூடி விழியை அமுக்குவதும் வேண்டாம், பார்வை பாதிக்கும்.

பாட்டியின் மாத்திரையில் பாதி. பிரஷருக்காகக் கொடுக்கப்படும் பைசோப்ரொலோல், அட்டெனலோல், ப்ரோப்ரனலோல் ஆகியவை துடிப்பைக் குறைப்பது நிஜம். அதனால்தான் 'பாட்டியோடத கொஞ்சம் போட்டுக்கோ' என்ற யோசனை வருகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு இவை மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம். ரத்தப்போக்கோ டிங்கியோ இருந்தால், தாங்கிப் பிடிக்கும் துடிப்பையும் இவை கீழே இழுத்துவிடும்.

பலமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி. குடும்பக் குழுவில் மாமா எத்தனை முறை அனுப்பினாலும் சரி. அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பரிந்துரைக்கவில்லை. இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் 999-ஐ அழைத்திருக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

வேகமான துடிப்போடு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, வாய் கோணல் அல்லது பேச்சுக் குழறல் வந்தால் 999. ஓய்வில் 150-க்கு மேல் போய்ச் சில நிமிடங்களில் இறங்கவில்லை என்றாலும் மருத்துவமனைதான். ஓடும்போது மயங்கி விழுந்தவர், வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்த வரலாறு உள்ளவர், பிறகு சரியாகிவிட்டாலும் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும்.

வயதானவர்களுக்குத் துடிப்பு வேகமாகவும் தாறுமாறாகவும் இருந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய ஐந்து மடங்கு கூட்டும் நோய் அது. அவர் 'ஒன்னும் செய்யலப்பா, வயசாச்சுல' என்று சொல்லிச் சமாளிப்பார். நாடியை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

சிலிபினிலிருந்து ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை அதிக தூரம் இல்லை. அதற்காக நீங்களே மொத்தோரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்; வழியில் தலைசுற்றினால் இன்னொரு விபத்து. வேறொருவர் ஓட்டட்டும். பதிவு முகப்பில் 'கேஸ்' என்றோ 'உடம்பு முடியல' என்றோ சொன்னால் நீங்கள் வரிசையில் பின்னால் போகக்கூடும். 'ஜந்துங் பெர்டெபார், தீபா-தீபா' என்று சொல்லுங்கள். இதயம் படபடக்கிறது, திடீரென்று. எண்ணிய எண்ணையும் தொடங்கிய நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இசிஜி தாளில் துடிப்பு பதிவானதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவர் கேட்கப்போவது அதைத்தான்.